முதிய பூனைக்குச் சர்க்கரை: வீட்டுப் பராமரிப்பு எங்கே சறுக்குகிறது?

இன்சுலின் என்றதும் எல்லோருக்கும் ஊசி குத்துவதுதான் பயம். குத்துவதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கோளாறு நடப்பது மருந்தை உறிஞ்சும் இடத்தில். பூனைகளுக்கு எழுதிக் கொடுக்கும் இன்சுலின்களில் இரண்டு செறிவுகள் உண்டு. கேனின்சுலின், புரோசிங்க் போன்ற கால்நடை மருந்துகள் யு-40, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். மனிதர்களுக்கான சாதாரண கிளார்ஜின் யு-100. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. வழக்கமாக யு-40க்குச் சிவப்பு மூடி, யு-100க்கு ஆரஞ்சு மூடி. மூடியை மட்டும் நம்பாமல் உடலில் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள்.

மாற்றி எடுத்தால் கணக்கு இப்படிப் போகும். யு-100 மருந்தை யு-40 சிரிஞ்சில் ‘1’ கோடுவரை எடுத்தால் உள்ளே போவது 2.5 யூனிட். எதிர்ப்பக்கம் மாறினால் 0.4 யூனிட்தான் போகும். முதலாவது பூனையைச் சாய்த்துவிடும். இரண்டாவது இன்னும் நயவஞ்சகமானது: ‘மருந்து கேட்கவில்லை’ என்று டோஸ் ஏறிக்கொண்டே போகும், பிறகு சரியான சிரிஞ்சு வந்து சேரும் நாளில் ஏற்றிய டோஸ் முழுதாக இறங்கும். கிளார்ஜினில் யு-300 பேனாவும் கடைகளில் உண்டு. அதிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சவே கூடாது, ஒரே கோட்டில் மூன்று மடங்கு வந்துவிடும்.

தொடக்க டோஸ் பெரும்பாலும் வேளைக்கு 1 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. இவ்வளவு சின்ன அளவில் அரை யூனிட் வித்தியாசமே பெரிது. அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள்.

*

குத்தும் முறையைச் சேர்த்துக்கொள்கிறேன். பிடரியில் போடுவது பழைய பழக்கம். அங்கே ரத்த ஓட்டம் குறைவு, மருந்து சீராக ஏறாது. விலாப்பக்கமும் இடுப்புக்கு முன்புறமும் நல்லது. ஒரு வேளை இடது, அடுத்த வேளை வலது என்று மாற்றிக்கொள்ளலாம்.

பூனை தட்டில் வாய் வைத்திருக்கும்போது தோலை இரண்டு விரலால் கூடாரம்போல் தூக்குங்கள். ஊசியின் சரிவான முனை மேலே பார்க்க, மடிப்பின் அடிவாரத்தில், உடலுக்கு இணையாகச் செலுத்த வேண்டும். நிமிர்த்திக் குத்தினால் இரண்டு தவறு நேரும்: மெலிந்த பூனைக்குத் தசையில் இறங்கும், அடர்ந்த மயிர் உள்ளதற்கு மடிப்பின் மறுபுறம் வெளியே வந்து மயிரில் கொட்டும். முடித்ததும் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால், இன்சுலின் வாடை வந்தால், வெளியே போயிருக்கிறது. அப்போதும் மறுபடி போடக் கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வேளை தவறினால் சர்க்கரை சில மணி நேரம் ஏறி நிற்கும், அவ்வளவுதான். இரட்டை டோஸ் விழுந்தால் உயிருக்கு ஆபத்து. வீட்டில் இரண்டு பேர் மாறி மாறி ஊசி போடுவதாக இருந்தால் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, போட்டவுடன் டிக் அடியுங்கள்.

கிளார்ஜின் தெளிந்த நீர் போன்றது, குலுக்கத் தேவையில்லை. கலங்கித் தெரிந்தால் தூக்கி எறிய வேண்டும். புரோசிங்க் கலங்கலாகத்தான் இருக்கும், உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டினால் போதும். எல்லா இன்சுலினுக்கும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். உறைந்துபோனால் பிறகு உருகினாலும் பயன்படாது, அதனால் ஃப்ரீசருக்கு ஒட்டிய தட்டில் வைக்காதீர்கள்.

*

சாப்பிடாத பூனைக்கு ஊசி போடலாமா என்பதுதான் அடிக்கடி வரும் கேள்வி. முழு டோஸ் கூடாது. பாதிதான் சாப்பிட்டது என்றால், ஒன்றுமே தொடவில்லை என்றால், வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்று மூன்று நிலைக்கும் தனித்தனியாக முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு யோசிக்கிற விஷயமில்லை அது.

உணவு: புரதம் அதிகம், மாவுச்சத்து குறைவு. உலர்தீனியை உருண்டையாக்கவே மாவுச்சத்து வேண்டியிருக்கிறது, அதனால் ஈரத்தீனி பக்கம் போவது சுலபம். ஆனால் ஏற்கெனவே இன்சுலினில் இருக்கும் பூனைக்குத் தீனியை ஒரே நாளில் மாற்றிவிட்டுப் பழைய டோஸையே தொடர்வது ஆபத்து. மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் தேவையும் சரியும், அதே டோஸ் மிகையாகிவிடும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், அந்த நாட்களில் ரத்தப் பரிசோதனையைக் கூட்டுங்கள். முதிய பூனைக்குச் சிறுநீரக நோயும் சேர்ந்திருந்தால் எந்தத் தீனி என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு நோய்க்கும் உகந்த தீனி ஒன்றாக இருக்காது.

பருத்த பூனை மெலிய வேண்டும் என்பது உண்மை. அதற்காகப் பட்டினி போட்டால் ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே தனி நோயாகிவிடும்.

*

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஒரு ரீடிங்கை வைத்து டோஸைத் தொடாதீர்கள்.

பூனை பயந்தாலே சர்க்கரை ஏறும். வண்டியில் ஏற்றி, கிளினிக்கில் காத்திருக்க வைத்து எடுத்த ஒற்றை எண்ணுக்கு அர்த்தம் குறைவு. நோய் உறுதியாக்கவே ஃப்ரக்டோசமின் பரிசோதனை அதனால்தான். அது கடந்த ஒன்றிரண்டு வாரச் சராசரியைக் காட்டும். வீட்டில் எடுப்பது அதைவிட நிஜமான நிலவரம்.

காது மடலின் வெளி ஓரத்தில் ஓடும் ரத்தக்குழாய்க்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட இடத்தில் குத்த வேண்டும். காது குளிர்ந்திருந்தால் ரத்தம் வராது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு நிமிடம் வைத்துப் பிடியுங்கள், பிறகு நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். ஈரம் கலந்தால் ரீடிங் தப்பாகும். பின்புறம் மடித்த பஞ்சை வைத்தால் உங்கள் விரலில் குத்தாது. முடிந்ததும் சில விநாடி அழுத்திப் பிடிக்காவிட்டால் காது கன்றிப்போகும், அடுத்த முறை பூனை தலையைக் கொடுக்காது.

மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். சிவப்பணுவுக்கும் பிளாஸ்மாவுக்கும் இடையே குளுக்கோஸ் பிரிந்திருக்கும் விகிதம் பூனைக்கு வேறு. ஆல்ஃபாட்ராக் மாதிரி கால்நடை மீட்டரில் பூனைக்கான குறியீடு தனியாக உண்டு, அதைச் சரிபாருங்கள். எதுவானாலும் ஒரே மீட்டரைத் தொடர்ந்து பயன்படுத்தினால்தான் ஒப்பிட முடியும்.

டோஸ் மாற்ற வேண்டுமானால் கர்வ் எடுக்க வேண்டும்: ஊசிக்கு முன்பு ஒன்று, பிறகு 2 மணி நேரத்துக்கு ஒன்று, மொத்தம் 12 மணி நேரம். அதில் பார்க்க வேண்டியது அடித்தட்டு எண், அதாவது மிகக் குறைந்த ரீடிங். 80 முதல் 150க்குள் (மி.கி./டெசிலிட்டர்) அது இறங்கி, உச்சம் 300ஐத் தாண்டாமல் இருந்தால் நல்ல கட்டுப்பாடு. ஊசிக்கு முன்பு 320 என்று பார்த்துவிட்டு டோஸை ஏற்றுபவர்களுக்கு நடுவில் 60க்கு இறங்கியிருந்தது தெரியாது. ஏற்றினாலும் அரை யூனிட்தான், அதன் பலன் தெரிய ஒரு வாரமாவது விட வேண்டும்.

*

60க்குக் கீழே என்றால் அவசரம். தள்ளாட்டம், வெறித்த பார்வை, நடுக்கம், திடீரென்று வெறிபிடித்தாற்போல் பசி, இல்லாவிட்டால் ஒரு மூலையில் ஒடுங்கிக்கொள்வது. முதிய பூனையில் இதை ‘வயசாச்சு, தூங்குது’ என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. சந்தேகம் வந்தால் உடனே ரீடிங் எடுங்கள். மீட்டர் கையில் இல்லாவிட்டால் தாழ்சர்க்கரை என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

விழுங்க முடிகிற நிலை என்றால் தீனி கொடுங்கள், இந்த ஒரு சமயத்தில் மாவுச்சத்துள்ள தீனியே நல்லது. சோர்ந்து கிடந்தால் தேனோ குளுக்கோஸ் கரைசலோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வலிப்பு வந்திருந்தால் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பற்களுக்கிடையே விரலும் போகக் கூடாது. உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே கொஞ்சம் தடவியபடி டாக்டரிடம் கிளம்புங்கள். தேறி எழுந்துவிட்டாலும் ஆபத்து தீர்ந்ததாகாது. போட்ட இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், சர்க்கரை மறுபடி இறங்கும். அடுத்த டோஸை டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

இன்னொன்று: இன்சுலின் தொடங்கிய முதல் மாதங்களில் பல பூனைகளுக்குக் கணையம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கி, மருந்தே வேண்டாத நிலை வருவதுண்டு. நல்ல செய்திதான், ஆனால் அது தாழ்சர்க்கரை வடிவில் முதலில் தலைகாட்டலாம்.

*

வாய்வழி மருந்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பெக்ஸாகாட் மாத்திரைக்கு 2022 டிசம்பரிலும், சென்வெல்கோ திரவத்துக்கு 2023 ஆகஸ்டிலும் அனுமதி கிடைத்தது. தினம் ஒரு முறை. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடும். ஊசிக்குப் பயந்தவர்களுக்கு இது வரப்பிரசாதமாகத் தெரியும். ஆனால் ஏற்கெனவே இன்சுலின் எடுத்த பூனைக்கோ, ஈரல், கணையம், சிறுநீரகக் கோளாறு உள்ளதற்கோ இது ஏற்றதல்ல. பெரிய ஆபத்து கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்துவிடும் நிலை, அதுவும் ரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே வரக்கூடியது. மீட்டர் 140 காட்டுகிறது என்று நிம்மதியாக இருப்பீர்கள், பூனை சாப்பிடாமல் கிடக்கும். இந்த மருந்தில் இருக்கும் பூனை ஒரு வேளை தீனியை மறுத்தாலும் கீட்டோன் பார்த்தாக வேண்டும். சிறுநீர் ஸ்ட்ரிப் போதும், பூனை சிறுநீர் கழிக்கும் தொட்டியில் மணலுக்குப் பதிலாக உறிஞ்சாத பிளாஸ்டிக் மணிகளைப் போட்டால் சிறுநீர் அடியில் தேங்கும்.

*

டோஸ் வேளைக்கு 5, 6 யூனிட்டைத் தாண்டியும் அடங்காவிட்டால் இன்சுலினைக் குறை சொல்லாதீர்கள். முதலில் குப்பியின் தேதி, சிரிஞ்சு, குத்தும் முறை மூன்றையும் பாருங்கள். பிறகு பல், ஈறு. வாய்ச்சீழ் ஒன்றே இன்சுலினை மழுங்கடித்துவிடும். சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி, எப்போதோ போட்ட நீண்டகால ஸ்டீராய்டு ஊசி, இவையும் அப்படியே. இதெல்லாம் இல்லை, பூனை எடையும் ஏறுகிறது என்றால் வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் அக்ரோமெகலி இருக்கலாம். ஐஜிஎஃப்-1 ரத்தப் பரிசோதனை கேளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத சாதாரண பூனை மெலியத்தான் செய்யும்.

பின்னங்கால் குதிகால் தரையில் படிய நடப்பது நரம்புப் பாதிப்பு. சர்க்கரை சீரானால் மாதங்களில் தேறலாம். அதுவரை தொட்டியின் ஒரு பக்க விளிம்பை வெட்டித் தாழ்த்திக் கொடுங்கள். மணலில் விழும் சிறுநீர்க் கட்டிகளின் எண்ணிக்கையையும் அளவையும் தினமும், எடையை வாரம் ஒரு முறையும் குறித்து வாருங்கள். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் தண்ணீர் குடித்தால் அது அதிகம். சிறுநீரும் தண்ணீர் குடிப்பதும் அடங்கி, எடை நிலைத்திருந்தால், மீட்டரில் 290 என்று ஒரு காலையில் தெரிவதற்காக யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.