புதுப்பிப்பு: உம்கேனி கழிமுகத்தில் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவீடு சரியாகிவிட்டது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உம்கேனி ஆறு கடலில் கலக்கும் இடத்தில், எங்கள் நீர்த்தரக் கருவி நீரில் கரைந்த ஆக்சிஜனின் சதவீதத்தை (நீர் தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு) சரியாகவும், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற அளவை மட்டும் கூடுதலாகவும் ஏன் காட்டுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

சென்சார் மூடியை மாற்றியதில் பலனில்லை. "உப்புத்தன்மைத் திருத்தத்தைப் பாருங்க தம்பி" என்ற அண்ணன் சொன்னதுதான் சரி. கருவியின் அமைப்பில் (settings) உப்பு 0 என்றே நிலையாக இருந்தது, அதனால் அது கழிமுக நீரையும் நன்னீர் என்றே கணக்கிட்டது. நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை வைத்து உப்பைக் கணிக்கும் கடத்துத்திறன் சென்சாரிலிருந்து உப்பு அளவை எடுக்கும்படி மாற்றினேன். உப்பு கூடினால் நீர் தாங்கும் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு 8.26 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், கடல்நீர் சுமார் 6.75தான்.

எதிர்பாராதது: அப்போதும் அளவு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. கடத்துத்திறன் சென்சாரின் துளைக்குள் காற்றுக்குமிழி சிக்கி, உப்பைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. தண்ணீருக்குள்ளேயே கருவியைச் சாய்த்து ஆட்டியதும் குமிழி வெளியே வந்தது, எண்ணும் இறங்கியது. கழிமுகத்தில் அளப்பவர்கள் கருவியை இறக்கியதுமே ஆட்டிவிடுங்கள்.