"மீண்டும் சந்திப்போம்": "மீண்டும்" மிகையா?

அட்டன் வாசகர்: பண்டாரவளைத் தம்பி எழுதியதைப் பார்த்தேன். "சந்திப்போம்" என்றாலே போதுமாம், "மீண்டும்" வெறும் மிகையாம். நாற்பது வருடம் தமிழ் படிப்பித்தவன் நான், இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. "மீள்" என்ற வினையின் எச்சம் "மீண்டு", அதோடு "உம்" சேர்ந்தது "மீண்டும்". போனவர் திரும்பி வரவேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

பண்டாரவளை: ஐயா, வேர் அதுதான், சரி. வழக்கில் "இன்னொரு தடவை", அவ்வளவுதான். "மீண்டும் பசிக்கிறது" என்கிறோம். பசி எங்கே போய்த் திரும்பியது?

அட்டன் வாசகர்: சாப்பிட்டதும் போன பசி மீண்டு வருகிறது. நீங்களே எனக்குச் சாட்சி சொல்கிறீர்கள்.

பதுளை: "சந்தி"யே வடசொல். "காண்போம்" என்று எழுதினால் இந்தச் சண்டையே வராது.

அட்டன் வாசகர்: எங்கள் மல்லியப்பு சந்தியை என்னவென்று மாற்றுவீர்கள்? போன மாதம் நான் ரயிலைக் "கோச்சி" என்று எழுதியதற்கு, "புகையிரதம்" என்று திருத்த வந்தவர் நீங்கள்தானே? இரதம் மட்டும் தமிழா?

பதுளை: பழைய கணக்கை இங்கே எடுக்க வேண்டாம்.

அட்டன் வாசகர்: எடுப்பேன். அந்தக் கோச்சியில்தான் எங்கள் சின்னம்மா போனார். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதி வைத்தது. அட்டன் ஸ்டேசனில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, இராமேஸ்வரம். ஜன்னல் வழியாக அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் மீளவே இல்லை. "மீண்டும்" மிகை என்று எங்கள் அம்மாவிடம் சொல்லியிருப்பீர்களா?

பண்டாரவளை: எங்கள் தாத்தாவின் அண்ணனும்தான் போனார் ஐயா. உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. தோட்டத்து லயன் வீட்டு வாசலில் "போயிட்டு வாறேன்" என்றுதான் சொன்னாராம். அதில் "மீண்டும்" எங்கே?

அட்டன் வாசகர்: "வாறேன்" என்பதே மீள்வதுதான்! "சந்திப்போம்" அதைச் சொல்லாது. அதனால்தான் "மீண்டும்" வேண்டும்.

பண்டாரவளை: ஏற்கெனவே பழகியவரிடம் "சந்திப்போம்" என்றால் அது அடுத்த முறைதானே? மிகை மிகைதான்.

அட்டன் வாசகர்: "மீள்" என்றால் என்ன? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள், தம்பி.

பதுளை: இரதம் தமிழில் கலந்து எத்தனையோ காலம்.

அட்டன் வாசகர்: சந்தி மட்டும் நேற்றா வந்தது?