பழைய போட் இரண்டில் எதை எடுப்பது: எங்கள் அனுபவம்

கனடாவின் ஸ்காபரோவில் இருந்து கோடையில் சிம்கோ ஏரிக்குப் போய்வர ஒரு பாவித்த போட் தேடினோம். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று 4.3 லிட்டர் வி6 எஞ்சின் பூட்டிய 18 அடி ஸ்டெர்ன்டிரைவ்; எஞ்சின் போட்டுக்குள்ளேயும், புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்னால் வெளியேயும் இருக்கும். மற்றது 1.8 லிட்டர் எஞ்சினோடு 19 அடி ஜெட் போட்; அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சி ஓடுவது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலாவதைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. மினுக்கி வைத்திருந்தார்கள், சீட் எல்லாம் புதுசு. என்னோடு வந்த மாமா யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர், பைபர் போட்டோடு வளர்ந்தவர். அவர் சீட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே எஞ்சின் மூடியைத் திறந்து கையை வைத்தார். "தம்பி, எஞ்சின் சுடுது. நாங்கள் வரமுதலே ஸ்டார்ட் பண்ணி வைச்சிருக்கினம்" என்றார் மெதுவாக. குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பதற்குத்தானே போனோம்!

அப்புறம் பின்பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். 'டொக் டொக்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'தொப்' என்றது. உள்ளே இருக்கும் மரம் தண்ணீர் குடித்திருந்தால் அப்படித்தான் கேட்குமாம். நான் கீழே குனிந்து டிரைவின் அடி ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன். வந்த கியர் ஒயில் பால் தேத்தண்ணி நிறம். சீல் போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது. விற்றவர், "அது சின்ன வேலை" என்றார். சின்ன வேலை என்றால் நீங்களே செய்துவிட்டு விற்றிருக்கலாமே என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை.

இன்னொரு விஷயத்தை வீட்டில்தான் கணக்குப் பார்த்தேன். எங்கள் மினிவான் இழுக்கக்கூடியது 3,500 இறாத்தல். வி6 போட், ட்ரெயிலர், பெட்ரோல், கூலர் எல்லாம் சேர்த்தால் அதைத் தாண்டுகிறது. ஜெட் போட் மயிரிழையில் அடங்குகிறது. போட் வாங்கப் போய் வானையும் மாற்ற வேண்டி வந்திருக்கும்.

ஜெட் போட்டில் வெளியே சுழலும் புரொப்பெல்லர் இல்லை. பின்னால் ஏணி பிடித்து ஏறி இறங்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய நிம்மதி. மனைவி அந்த ஒரு காரணத்துக்கே சம்மதித்தார். ஆனால் அதை ஓட்டிப் பார்த்த இடம் ஏரியின் தெற்குப் பக்கம், குக்ஸ் பே. அங்கே தண்ணீருக்கடியில் புல் காடு மாதிரி. அரைமணி நேரத்தில் எஞ்சின் இரைகிறது, போட் நகரவில்லை. ஜெட் புல்லை உறிஞ்சி அடைத்துக்கொண்டுவிட்டது. எஞ்சினை நிறுத்தி, பின்னால் உள்ள சின்ன மூடியைத் திறந்து, தோள்வரை கையை விட்டுப் பிடுங்கினேன். ஈரக் கயிறு போலச் சுருள் சுருளாக வந்தது. இன்னொன்று, எஞ்சின் விசையைக் குறைத்துவிட்டால் ஜெட் போட் திரும்பாது. கரைக்குக் கிட்ட வரும்போது பயந்து விசையைக் குறைத்தால் நேரே போய் முட்டும். அது பழக எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

இருந்தும் அதையே எடுத்தோம். போட்டை மாற்றுவதை விட இறக்கும் இடத்தை மாற்றுவது சுகம். இப்போது பரி நகரப் பக்கம், கெம்பன்ஃபெல்ட் பேயில் இறக்குகிறோம். அங்கே ஆழம் அதிகம். கரையைத் தாண்டினால் புல் தொல்லை இல்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: ஓட்டுபவருக்கு போட் ஓட்டத் தெரியும் என்று காட்டும் ஒப்பரேட்டர் கார்டும், ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட்டும் கட்டாயம். ஸ்டார்ட் பண்ணுமுன் எஞ்சின் அறைக் காற்றை வெளியே தள்ளும் புளோவரை 4 நிமிடம் ஓடவிடுங்கள், பெட்ரோல் ஆவி வெளியேற. பனிக்காலத்துக்கு முன் எஞ்சினில் நிற்கும் தண்ணீரை முழுக்க வடிக்க வேண்டும்; உறைந்தால் எஞ்சினில் வெடிப்பு விழுந்துவிடும். பழைய போட் பார்க்கும்போது, அந்த வேலையை ஒவ்வொரு வருடமும் யார் செய்தார்கள் என்று பற்றுச்சீட்டோடு கேளுங்கள்.

மாமாவுக்கு மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை. "வெளியில பூட்டுற அவுட்போர்ட் எஞ்சின் எண்டால் அதைத் தூக்கிப்போட்டுப் புல்லை இழுத்து எறிஞ்சிருப்பன்" என்கிறார், முன் சீட்டில் பிளாஸ்க் தேத்தண்ணியோடு காலை நீட்டிக்கொண்டு.