'வேர்நீர்' என்று சொல்லலாமா? மண்ணில் ஊறும் மழைக்கு ஒரு கலைச்சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மண்ணில் ஊறி, செடிகளுக்குப் பயன்பட்டு, ஆவியாகக் காற்றுக்குத் திரும்பும் மழைநீரை ஆங்கிலத்தில் 'கிரீன் வாட்டர்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'கிரீன் வாட்டர்' என்பதைப் 'பச்சை நீர்' என்றே வைத்துக்கொண்டால் என்ன? மூலச்சொல்லும் நிறத்தை வைத்துத்தானே அமைந்திருக்கிறது?

ஐயா, தமிழில் பச்சைத் தண்ணீர் என்றால் காய்ச்சாத தண்ணீர். பச்சைத் தண்ணீரில் குளித்தேன் என்று பேசிப் பழகியவரிடம் போய், உலகத்தின் உணவில் பெரும்பகுதி பச்சை நீரில் விளைகிறது என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? 'பசுமை நீர்' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பசுமைக் கட்டடம், பசுமை ஆற்றல் போன்றவை நன்றாகப் பழகிவிட்டதால், சூழலுக்குக் கேடு செய்யாத நீர் என்ற பொருள்தான் அதில் முந்தி நிற்கும். 'மண்ணீர்' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொன்னால் மண்ணீரல் நினைவுக்கு வந்துவிடுகிறது.

நிறத்தை விட்டுவிட்டுப் பொருளைப் பிடிப்போம். சுவீடனின் நீரியல் அறிஞர் மாலின் ஃபால்கன்மார்க் 1995இல், மண்ணில் ஊறும் மழையைக் 'கிரீன் வாட்டர்' என்றும், ஆறு, ஏரி, நிலத்தடியில் சேரும் நீரைப் 'புளூ வாட்டர்' என்றும் பிரிக்கும் பாகுபாட்டை முன்வைத்தார். அதற்கு முன் நீர்க்கணக்கு என்றாலே பெரும்பாலும் ஆறு, ஏரி, அணை, நிலத்தடி நீர்தான். நிலப்பரப்பின்மேல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,10,000 கன கிலோமீட்டர் மழை பெய்கிறது. அதில் சுமார் ஐந்தில் மூன்று பங்கு ஆற்றுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. மண்ணில் ஊறி, செடிகொடிகள் வழியாகவும் மண்பரப்பிலிருந்தும் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. உலகின் சாகுபடி நிலத்தில் சுமார் 80 விழுக்காடு மானாவாரி. அது முழுக்க நம்பியிருப்பது இந்த ஈரத்தைத்தான்.

பயிரின் அடியில் ஒரு சாண் தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டை பிடிக்கும், உள்ளங்கையில் குளிர்ச்சி தெரியும், ஆனால் ஒரு சொட்டுகூட வழியாது. அந்த நீரை வாளியால் மொள்ள முடியாது, மோட்டார் வைத்து இறைக்கவும் முடியாது. வேருக்கு மட்டும்தான் அது கிடைக்கும். அதனால்தான் 'வேர்நீர்' என்று முன்மொழிகிறேன்.

இந்தச் சொல் இப்போதே தேவை என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், மனிதச் செயல்கள் இந்த நீரை எப்படி மாற்றுகின்றன என்பது பற்றிய ஆய்வுகள். 2005இல் வெளியான ஓர் ஆய்வின்படி, காடழிப்பால் நிலத்திலிருந்து காற்றுக்குப் போகும் நீராவி ஆண்டுக்குச் சுமார் 3,000 கன கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. பாசனத்தால் சுமார் 2,600 கன கிலோமீட்டர் கூடியிருக்கிறது. கூட்டிக் கழித்தால் ஏதும் நடக்காதது போலத் தெரியும். ஆனால் குறைந்த இடம் வேறு, கூடிய இடம் வேறு. அமேசான் காடு மேய்ச்சல் நிலமாகவும் சோயா வயலாகவும் மாறும்போது, அந்த மரங்கள் விட்ட ஆவி காற்றோடு போய் மழையாக இறங்கிய தொலைதூர நிலங்களும் காய்கின்றன. அங்கே உள்ள அணைகளின் நீர்மட்டத்தை எவ்வளவு அளந்தாலும் இதன் காரணம் பிடிபடாது.

மனிதச் செயல்களைப் புவி எந்த அளவுவரை தாங்கும் என்று காட்டும் 'புவி தாங்கும் எல்லைகளை' (பிளானட்டரி பவுண்டரீஸ்) ஆய்வாளர்கள் 2009இல் வகுத்தபோது நன்னீருக்கு ஆறு, ஏரி, நிலத்தடி நீரின் பயன்பாடு மட்டுமே அளவுகோலாக இருந்தது. 2022இல் வேர்நீருக்கும் தனி எல்லை வேண்டும் என்று ஆய்வாளர்கள் முன்மொழிந்தார்கள். அந்த எல்லையை நாம் தாண்டிவிட்டோம் என்றும் சொன்னார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் வேர்மண்டலத்து மண்ணின் ஈரம். சொல்லுக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

> 'வேர்த்தல்' என்றால் வியர்த்தல். 'வேர்நீர்' வியர்வை ஆகிவிடாதா?

அம்மா, இந்த மறுப்பு என்னை இரண்டு நாள் விடவில்லை. ஆனால் இலைகளோடு ஒரு கிளையைக் கண்ணாடிப் பாலித்தீன் பையால் மூடி, வாயைக் கட்டி, வெயிலில் சில மணி நேரம் விடுங்கள். பையின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். வேர் குடித்ததை இலை வியர்க்கிறது. ஃபால்கன்மார்க்கின் கருத்திலும் மண்ணில் இருக்கும் இருப்பு, காற்றுக்குப் போகும் போக்கு என்று இரண்டும் உண்டு. சொல்லின் இரு பொருளும் இங்கே ஒன்றையொன்று தாங்குகின்றன என்றே எனக்குப் படுகிறது.

குறை இல்லாமல் இல்லை. இலைமேல் தங்கி அப்படியே ஆவியாகும் துளியும், வெறும் மண்ணிலிருந்து போகும் ஆவியும் வேரைத் தொடுவதில்லை. ஆனாலும் பெரும்பங்கு செடி வழியாகவே போவதால் இதை ஏற்கலாம். ஒரு பொருளை விளைவிக்கவோ செய்யவோ செலவாகும் நீரைக் குறிக்கும் 'மறைநீர்' (வர்ச்சுவல் வாட்டர்) என்ற சொல்லும் மூலத்தை அப்படியே பெயர்க்காமல் கருத்தைப் பிடித்ததால்தான் நிலைத்தது.

இணைச்சொல்லான 'புளூ வாட்டர்' என்பதற்கு 'ஓடுநீர்' என்று வந்த பரிந்துரையில் ஏரி அடங்காது. 'திரள்நீர்' எனலாம், ஆறு, ஏரி, நிலத்தடி நீர் மூன்றும் திரண்ட நீரே. வேர்நீர் இருப்பு, வேர்நீர்ப் போக்கு, வேர்நீர் வறட்சி என்று கூட்டுச்சொற்களையும் எழுதிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்றுமுன், வேளாண்மை கற்பிக்கும் நம் குழுவினர் 'திரள்நீர்' பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதில்தான் எனக்கு இன்னும் முழு நிறைவு இல்லை.

அன்புடன்