கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குத் தெரியவில்லை: சீன மாணவர்களும் ஆங்கில லிஸனிங் தேர்வும்

செங்டு நாட்கள்:

சீனாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்கள், அங்கே படித்தவர்கள், சீனப் பிள்ளைகளோடு பழகியவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013 கடைசியிலிருந்து 2018 வரை செங்டுவில் இருந்தோம். கணவருக்கு அங்கே வேலை. நான் கல்லூரிப் பிள்ளைகளை சிஇடி தேர்வுக்குத் தயார்ப்படுத்தும் ஒரு பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு தயாரிப்பது, நடத்துவது, திருத்துவது என்று இருந்தேன். சிஇடி என்பது கல்லூரி ஆங்கிலத் தேர்வு. 1987-இல் தொடங்கியது, நான்காம் நிலை, ஆறாம் நிலை என்று இரண்டு உண்டு, ஜூனிலும் டிசம்பரிலும் நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கும். மொத்தம் 710 மதிப்பெண். நான்காம் நிலையில் 425 எடுத்தால்தான் ஆறாம் நிலைக்கு உட்காரலாம். லிஸனிங்குக்கு 35 சதவீதம், ரீடிங்குக்கு 35 சதவீதம், மீதி கட்டுரைக்கும் மொழிபெயர்ப்புக்கும்.

லிஸனிங்கும் ரீடிங்கும் சம எடை என்பதை மனதில் வையுங்கள். ஏனென்றால் நான் பார்த்த பிள்ளைகளிடம் இந்த இரண்டும் சமமாக இருந்ததே இல்லை. ரீடிங்கில் நன்றாக எடுப்பார்கள், லிஸனிங்கில் அப்படியே சரிந்துவிடும். அவர்களே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், 'யாபா யிங்யூ', ஊமை ஆங்கிலம். பேச வராததை வைத்து அந்தப் பெயர், ஆனால் அங்கே நான் கண்ட பெரிய குறை பேச்சில் இல்லை, காதில்தான்.

பள்ளியிலிருந்து வரும்போதே ஒரு பழக்கத்தோடு வருகிறார்கள். பல்கலைக்கழக நுழைவுக்கான காவ்காவ் தேர்வில், பெரும்பாலான மாகாணங்களில், ஆங்கிலத்தின் 150 மதிப்பெண்ணில் லிஸனிங்குக்கு 30. முதல் ஐந்து சின்ன உரையாடல்கள் மட்டும் ஒரு தடவை ஒலிக்கும், மற்றதெல்லாம் இரண்டு தடவை. சிஇடியில் எல்லாமே ஒரே தடவைதான். முதலாண்டுப் பிள்ளைகள் மாதிரித் தேர்வில் முதல் தடவை சும்மா கேட்டுக்கொண்டு, இரண்டாவது தடவை வரும் என்று பென்சிலோடு காத்திருப்பார்கள். அடுத்த பகுதி தொடங்கியதும் அந்த முகங்களைப் பார்க்க எனக்கே வயிற்றைப் பிசையும். போதாததற்கு லிஸனிங் முடிந்ததும் முதல் விடைத்தாளை வாங்கிவிடுவார்கள். அப்புறம் வட்டத்தைக் கருப்பாக்கிக்கொள்ளலாம் என்று கேள்வித்தாளிலேயே குறித்துவைத்தவன் கதி அவ்வளவுதான்.

மையத்தில் இதற்கு வைத்திருந்த மருந்து தந்திரங்கள். 'சின்ன உரையாடலில் எந்தச் சொல் காதில் விழுகிறதோ அது இருக்கும் விடையைத் தேர்ந்தெடுக்காதே, நீளமான பகுதியில் எது காதில் விழுகிறதோ அதையே தேர்ந்தெடு.' இதைச் சுவரில் எழுதி ஒட்டாத குறைதான். 2016 ஜூனில் நான்காம் நிலையில் சின்ன உரையாடல்களையே எடுத்துவிட்டுச் செய்தி அறிக்கைகளைக் கொண்டுவந்தார்கள். முதல் தந்திரம் ஒரே நாளில் செல்லாக்காசு. அதை நம்பி ஒரு வருடம் செலவழித்த பிள்ளைகளை நினைத்து எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் போகவில்லை.

ரீடிங்கிலும் இதே கதை. நான் எழுதிய ஒரு பத்திக்கான ஐந்து கேள்விகளை, பத்தியைக் கொடுக்காமல் கேள்வியை மட்டும் ஒரு வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். மூன்று சரியாக எழுதியவர்கள் நிறையப் பேர். 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று அடித்துச் சொல்லும் விடை தவறாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்படியென்றால் நான் அளந்தது அவர்கள் வாசிப்பையா? என் கேள்வியில்தான் ஓட்டை. அன்றிலிருந்து எந்தக் கேள்வியையும் முதலில் பத்தியில்லாமல் யாரிடமாவது காட்டி, அவர்களால் ஊகிக்க முடிந்தால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெண், மியான்யாங் பக்கத்துக் கிராமம், இரண்டு தடவை நான்காம் நிலை எழுதியும் 425-ஐத் தொடவில்லை. அவள் பையில் எப்போதும் ஒரு சொற்பட்டியல் புத்தகம் இருக்கும், ஓரமெல்லாம் கறுத்துப்போன புத்தகம். அகரவரிசையில் அடுக்கிய இந்தப் பட்டியல்களில் முதலில் வந்து நிற்கும் சொல் 'அபாண்டன்', கைவிடு. சீனாவில் ஆங்கிலம் படித்த யாரைக் கேட்டாலும் இந்தச் சொல் தெரியும். இவளோ அதைத் தாண்டிக் கடைசிப் பக்கம் வரை மனப்பாடம். ஆனால் லிஸனிங்கில் பாதிகூட வராது. எழுத்து வடிவத்தை கண்ணால் விழுங்கி, பக்கத்தில் சீன அர்த்தத்தை வைத்து, அப்படியே நாலாயிரம் சொல்.

ஒரு நாள் அவளுக்காகவே ஒரு வேலை செய்தேன். அவள் வகுப்புக்கு ஒரு பத்தியை ஒலியாக மட்டும் கொடுத்து ஐந்து கேள்வி. மூன்று நாள் கழித்து அதே பத்தியைத் தாளில் கொடுத்து வேறு ஐந்து கேள்வி. இரண்டு மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். தாளில் ஐந்துக்கு ஐந்து எடுத்த பெண் காதால் கேட்டபோது ஒன்று. தாளைப் படித்துவிட்டு அவள் கேட்டது இது: "டீச்சர், இதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லையே, அன்றைக்கு ஒலித்தது இதுதானா?"

பதிவை மறுபடி ஓடவிட்டு, வரி வரியாக நிறுத்தினோம். 'ஷி ஷுட் ஹவ் டோல்ட் அஸ்' என்று தாளில் ஐந்து சொல். ஒலியில் 'ஷிஷுடஃவ்டோல்டஸ்' என்று ஒரே கட்டி. அவள் அந்த இடத்தை ஒரு நீளமான புதுச் சொல் என்று நினைத்து, அது என்ன சொல் என்று யோசித்துக்கொண்டிருந்ததிலேயே அடுத்த இரண்டு வாக்கியமும் போய்விட்டது. 'கம்ஃபர்டபிள்' அவள் மனதில் 'கம்-ஃபோர்-டே-புல்' என்று உட்கார்ந்திருக்கிறது. ஒலிப்பவரோ 'கம்ஃப்டபிள்' என்று ஓடிவிடுகிறார். அவளுக்கு அது வேறு சொல்.

இன்னொரு காரணமும் உண்டு. மாண்டரினில் அசை முடிவது உயிரில், இல்லாவிட்டால் 'ன்', 'ங்' ஒலிகளில், சில இடத்தில் 'ர்' ஒலியில், அவ்வளவுதான். சொல்லின் கடைசியில் 'ட்', 'ப்', 'க்' வந்து நின்றால் காது அதை எதிர்பார்ப்பதே இல்லை. 'கேன்', 'கேன்ட்' இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் விடையே தலைகீழாகிவிடும். நாமும் 'கேக்கு', 'பாக்கெட்டு' என்று உகரம் போட்டுத்தானே சொல்லை முடிக்கிறோம், ஆனால் நமக்கு ஆங்கிலம் பஸ்ஸிலும் டிவியிலும் சின்ன வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கிராமத்துப் பெண்ணுக்கு வகுப்பறை தவிர வேறெங்கே விழும்?

என் கட்சி இதுதான்: லிஸனிங்கில் குறைவாக எடுத்தவருக்கு இன்னும் சொல் படி, இன்னும் இலக்கணம் படி என்று சொல்வது பெரும்பாலும் தவறான வைத்தியம். முதலில் அதே பத்தியைத் தாளில் கொடுத்துப் பாருங்கள். தாளிலும் தடுமாறினால் மொழி போதவில்லை. தாளில் சரியாக வந்தால் காது பழகவில்லை. இரண்டுக்கும் வழி வேறு வேறு.

ஹூபேய் எம்பிபிஎஸ்:

அக்கா, நீங்கள் சொன்னதன் மறுபக்கம் நான். ஹூபேய் மாகாணத்தில் எம்பிபிஎஸ் படித்தேன், பாடம் ஆங்கிலத்தில்தான், ஆனால் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும் முன் வெளிநாட்டவருக்கான சீன மொழித் தேர்வு ஹெச்எஸ்கேயில் நான்காம் நிலை வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அப்போது 300-க்கு 180 எடுக்க வேண்டும், 1200 சொல் தெரிந்திருக்க வேண்டும்.

நான் சீனம் கற்றது கேன்டீனிலும் காய்கறிக் கடையிலும் விடுதி வாசல் அம்மாவிடமும்தான். லிஸனிங் நன்றாகவே எடுத்தேன். ரீடிங் பகுதியைத் திருப்பினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. தினமும் வாயால் சொல்லி வாங்கிய தக்காளியை எழுத்தில் பார்த்தால் தெரியவில்லை. முதல் தடவை போச்சு. ஆக உங்கள் மாணவிக்குக் கண், எனக்குக் காது.

இதை என் சீன அறைத்தோழனிடம் சொன்னபோது அவன் ஆறாம் நிலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். எண்கள் வந்தால் மூச்சு நின்றுவிடும் என்றான். அதை நானும் அவனும் உட்கார்ந்து பார்த்தோம். சீனத்தில் பத்தாயிரத்துக்குத் தனிச் சொல், 'வான்'. எல்லாப் பெரிய எண்ணும் அதை வைத்துத்தான். ஒலியில் 'ஹண்ட்ரட் அண்ட் தர்ட்டி தௌசண்ட்' என்று வந்தால் அவன் மனதுக்குள் அதைப் பதின்மூன்று வான் என்று மாற்ற வேண்டும். மாற்றி முடிப்பதற்குள் அடுத்த எண் வந்துவிடும். எனக்கு அவன் கஷ்டம் உடனே புரிந்தது, ஏனென்றால் நானும் அதை ஒரு லட்சத்து முப்பதாயிரம் என்று மாற்றிக்கொண்டுதான் புரிந்துகொள்கிறேன். மில்லியன் என்றால் எனக்குப் பத்து லட்சம், அவனுக்கு நூறு வான். அப்புறம் நாங்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம், காதில் விழும் எண்ணை மாற்றவே கூடாது, தாளில் முதலில் மூன்று மூன்று இலக்கமாகக் கமா போட்டு எழுதிவிட வேண்டும், அர்த்தம் பிறகு. தினமும் ராத்திரி பத்து நிமிடம் நான் எண்ணைச் சொல்வேன், அவன் எழுதுவான். பதிலுக்கு அவன் எனக்கு நோயாளியின் கேஸ் ஷீட் வாசிக்கக் கற்றுக்கொடுத்தான்.

சூஜோ அம்மா:

நான் ஆசிரியை இல்லை, சூஜோவில் குடியிருந்த ஒரு அம்மா, அவ்வளவுதான். எங்கள் குடியிருப்பில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளைக் கேம்பிரிட்ஜின் கேஇடி என்ற தொடக்கநிலை ஆங்கிலத் தேர்வு எழுதவைக்க ஒரே போட்டி. பதிவு திறந்த நிமிடமே இடம் கேட்டு வீட்டில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் ஓடும். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு மாலையில் கொஞ்ச நேரம் பயிற்சி செய்வேன். அந்தத் தேர்வில் லிஸனிங் 25 கேள்வி, எல்லாம் இரண்டு தடவை ஒலிக்கும், அதனால் செங்டு அக்கா சொன்ன தொல்லை இல்லை.

ஆனால் ரீடிங்கில் ஒன்று பார்த்தேன். தோழி வீட்டில் இரவு தங்கப் போகும் ஒரு சிறுமியின் குறிப்பு, தலையணை எடுத்து வா என்று வரும். குழந்தைக்குச் சொல் எல்லாம் தெரியும், விடை தவறு. ஏன் என்று கேட்டால், "தோழி வீட்டில் யாராவது தூங்குவார்களா, அவளுக்கு வீடு இல்லையா?" என்கிறாள். எட்டு வயதுக் குழந்தை பதின்ம வயதுப் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பற்றிய தேர்வை எழுதினால் இப்படித்தான். அதைத் தவறு என்று சிவப்பில் போட எனக்கு மனமே வரவில்லை. 2021 ஜூலையில் அரசு டியூஷன் மையங்களைக் கட்டுப்படுத்தியபோது அவள் போய்க்கொண்டிருந்த மையமும் மூடிவிட்டது. அன்று மாலை அவள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், அதுவும் நினைவில் இருக்கிறது.

உட்லண்ட்ஸ் டியூட்டர்:

சிங்கப்பூரில் சீனாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். கூடவே அம்மா மட்டும் வந்து தங்கியிருப்பார், அப்பா ஊரில் சம்பாதித்து அனுப்புவார். ஒரு பையன் வீட்டில் கேட்டுப் பழகிய ஒலிப்பதிவெல்லாம் அமெரிக்க உச்சரிப்பு. இங்கே வகுப்பில் டீச்சர் பேசுவது புரியவில்லை என்று முதல் மாதம் அழுதான். என் தமிழ் வாடை அடிக்கும் ஆங்கிலமும் அவனுக்குப் புதிதுதான். நான் பேசுவதைப் பதிவு செய்து, அதே வரியை ஒரு மலாய்த் தோழியையும் அவன் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியையும் பேசவைத்து மூன்றையும் கேட்கச் சொன்னேன். மூன்றாவது வாரம் அவனே டீச்சரின் உச்சரிப்பை எனக்கு விளக்கினான். செங்டு அக்கா, அந்தப் பெண் அப்புறம் என்ன ஆனாள்?

செங்டு நாட்கள்:

சொல்கிறேன். ஒரு நிமிட ஒலியை எடுத்துக்கொண்டு, முதலில் தாள் இல்லாமல் கேட்பது, காதில் விழுந்ததை எழுதுவது, பிறகு தாளைப் பார்த்து எங்கே சொற்கள் ஒட்டிக்கொண்டன என்று சிவப்பில் கோடு போடுவது, கடைசியில் ஒலியோடு சேர்ந்து அவளும் வாய்விட்டுச் சொல்வது. ஒரு நாளைக்கு ஒரு நிமிட ஒலிதான், அதற்கே நாற்பது நிமிடம் ஆகும். முதல் பத்து நாள் அவள் நோட்டில் ஒரு வரிக்கு மூன்று வெற்றிடம். சொற்பட்டியல் புத்தகத்தைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தேன், அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. ஒட்டிய இடங்களுக்கு அவளே ஒரு பட்டியல் போட்டாள், 'டிஜு' என்றால் 'டிட் யூ', 'லாட்டா' என்றால் 'லாட் ஆஃப்' என்று, அது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை.

டிசம்பர் தேர்வுக்கு முந்தின நாள் எஃப்எம் ஹெட்போனுக்குப் புது பேட்டரியும் மாற்று பேட்டரியும் வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். அங்கே நிறையக் கல்லூரிகளில் லிஸனிங் வளாக எஃப்எம்மில்தான் வரும், பேட்டரி போனால் எல்லாம் போச்சு. முடிவு வசந்த விழா, அதாவது சீனப் புத்தாண்டு, முடிந்த பிறகு பிப்ரவரியில் வந்தது. மதிப்பெண் பக்கத்தைப் படம் எடுத்து வீசாட்டில் அனுப்பினாள், மொத்தம் 431. லிஸனிங் இன்னமும் ரீடிங்கைவிடக் குறைவுதான், ஆனால் முன்பிருந்த பள்ளம் பாதியாகியிருந்தது. வாழ்த்து அனுப்பி முடிப்பதற்குள் அடுத்த செய்தி: ஆறாம் நிலைக்கு எந்த ஒலியில் ஆரம்பிக்கலாம், இன்றைக்கே சொல்லுங்கள் டீச்சர்.