தாள்வசம், வரைசுழற்சி: வரைபட மென்பொருளுக்கு இரண்டு சொற்கள் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். அச்சிடும் தாள் நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்று மென்பொருளில் குறிக்கும் ‘ஓரியன்டேஷன்’, அதன் இரு நிலைகளான ‘போர்ட்ரெய்ட்’ (நிற்பது), ‘லேண்ட்ஸ்கேப்’ (படுப்பது) ஆகியவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலுக்கு இது என் பங்கு.

ஓரியன்டேஷனுக்குத் ‘திசையமைவு’, போர்ட்ரெய்ட்டுக்குச் ‘செங்குத்து’, லேண்ட்ஸ்கேப்புக்குக் ‘கிடைமட்டம்’ என்று முடித்துவிடலாம் என்பது இதுவரை வந்த கருத்து. சொல்செயலி மாதிரியான மென்பொருளுக்கு இது போதும். அறிவியல் வரைபடம் போடும் மென்பொருளுக்கு இது ஒத்துவராது. கையேட்டை மொழிபெயர்க்கும்போது நானே இதில் சிக்கினேன்.

நிலப்படங்கள் வரையும் ஜிஎம்டி என்ற மென்பொருளில் ஒரு நிலப்படம் வரைந்தேன். கட்டுரையில் சேர்த்துப் பார்த்தால் தாள் நெடுக நிற்கிறது, படம் மட்டும் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது. அட்சரேகை எண்களைப் படிக்கக் கழுத்தைச் சாய்க்க வேண்டியிருந்தது. காரணம் எளிது. ஜிஎம்டியின் பழைய முறையில் லேண்ட்ஸ்கேப்தான் இயல்பு. கட்டளையில் ‘-பி’ சேர்க்காவிட்டால் படம் 90 பாகை திரும்பித்தான் வரும். (2019இல் வந்த 6ஆம் பதிப்பின் புதிய முறையில் அந்தத் தொல்லை இல்லை.) திருத்தம் ஒரு நிமிட வேலை. ஆனால் நடந்ததைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது, “திசையமைவு கிடைமட்டமாக இருந்ததால் படத்தின் கிடைமட்ட அச்சு செங்குத்தாகத் தெரிகிறது” என்று வந்தது. எழுதிய எனக்கே இரண்டு தடவை படித்தால்தான் விளங்கியது. வரைபடம் என்றாலே கிடை அச்சும் குத்து அச்சும் உண்டு. அதே சொற்களைத் தாளுக்கும் கொடுத்தால் இப்படித்தான் முட்டிக்கொள்ளும்.

லேண்ட்ஸ்கேப்புக்கு ‘நிலத்தோற்றம்’ என்ற நேர்ப்பெயர்ப்பையும் பார்த்தேன். மலையும் பள்ளத்தாக்கும் வரைகிற மென்பொருளில் ‘நிலத்தோற்றத்தைத் தேர்ந்தெடு’ என்றால் பயனர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அதை விட்டுவிடுவோம்.

‘நீளவாக்கு, அகலவாக்கு’ எனக்கும் பிடித்த சொற்கள்தான். ஆனால் “தாளை நீளவாக்கில் வை” என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் நெடுக்க நிறுத்துவார்கள், மீதிப் பேர் நீளப்பக்கம் குறுக்கே வரும்படி கிடத்துவார்கள். கலைச்சொல்லுக்கு இந்த இரட்டைப் பொருள் ஆகாது.

சொல்லைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஓரியன்டேஷன் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது தாளின் வடிவம்: 595க்கு 842 புள்ளி (ஒரு புள்ளி அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு) அளவுள்ள ஏ4 நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்பது. இரண்டாவது, வரையும்போது ஆள்கூற்று அச்சுகளைத் திருப்புவது. மூன்றாவது, வரைந்து முடித்த பக்கத்தைத் திரையில் திருப்பிக் காட்டச் சொல்லும் குறிப்பு. பிடிஎஃப் கோப்பில் ‘ரொட்டேட்’ என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுதிவைக்கக்கூடியது அதுதான். 90இன் மடங்காக, வலஞ்சுழியாக மட்டுமே அதைக் கொடுக்க முடியும்.

இரண்டாவதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அச்சுப்பக்கத்தை விவரிக்கும் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்டில் ஆதிப்புள்ளி தாளின் இடக்கீழ் மூலையில் இருக்கிறது. அச்சுகளை 90 பாகை இடஞ்சுழியாகத் திருப்பினால் எக்ஸ் அச்சு மேல்நோக்கிப் போகும், ஒய் அச்சு இடப்பக்கம் தாளுக்கு வெளியே போய்விடும். அதனால் ஆதியை 595 புள்ளி வலப்பக்கம் நகர்த்தியாக வேண்டும். நகர்த்த மறந்தால் வெற்றுத்தாள்தான் வரும். படம் அழியவில்லை, தாளுக்கு இடப்புறம் எங்கோ வரையப்பட்டிருக்கிறது. இத்தனைக்கும் தாளின் வடிவம் துளியும் மாறவில்லை. இதைப் போய்த் ‘தாளின் திசையமைவு’ என்றால், பிழை தேடுபவர் தாள் அளவையே சுற்றிச் சுற்றி வருவார்.

ஆகவே என் முன்மொழிவு இது. தாளுக்குத் தாள்வசம். அதன் இரு நிலைகள் நெடுவசம், படுக்கைவசம். ‘வசம்’ என்றால் கைவசம், உடைமை என்றுதானே பொருள் என்று கேட்பீர்கள். ஆனால் “செங்கல்லைப் படுக்கைவசமாக வை”, “பலகையைக் குறுக்குவசத்தில் அறு” என்று பேச்சில் புழங்குகிறதே, அந்த வசம் இது. ஒரு பொருள் எப்படிக் கிடக்கிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

அச்சுகளைத் திருப்புவதற்கு வரைசுழற்சி. திரையில் திருப்புவதற்குக் காட்சிச்சுழற்சி. சுழற்சி கணிதப் பாடத்திலேயே இருக்கிறது. இனி என் பிழையை “தாள் நெடுவசம், வரைசுழற்சி 90 பாகை இடஞ்சுழி” என்று எழுதலாம். எங்கே கைவைக்க வேண்டும் என்பது அந்த வரியிலேயே இருக்கிறது. புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர் என்ற நிரல்மொழியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் கருவியில் ‘ஹாரிசான்டல்’ (கிடை) என்ற அளவுரு இயல்பாகவே ‘ஆம்’ என்றிருப்பதால் படம் படுத்து வருகிறதே, அதற்கும் இதே விளக்கம் பொருந்தும்.

லேண்ட்ஸ்கேப்பையே எதிர்ப்பக்கமாகத் திருப்பிய நிலையான ‘சீஸ்கேப்’புக்கு என்ன செய்வது என்றும் கேள்வி வந்தது. லேண்டுக்கு எதிர் சீ என்று ஆங்கிலத்தில் சொல்விளையாட்டாக வைத்த பெயர் அது. ‘கடல்தோற்றம்’ என்றால் நமக்கு ஒன்றும் விளங்காது. அதற்குத் தனிச்சொல்லே வேண்டாம். லேண்ட்ஸ்கேப், சீஸ்கேப் இரண்டிலும் தாள் நெடுவசம், ஒன்றில் சுழற்சி இடஞ்சுழி, மற்றதில் வலஞ்சுழி. அறிவியல் தரவுகளை அலசி வரையும் ஐடிஎல் என்ற நிரல்மொழியில் லேண்ட்ஸ்கேப் படம் தலைகீழாக வருகிறது என்ற பழைய முறையீட்டையும் இந்தச் சொற்களாலேயே சொல்லிவிடலாம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புகளைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் அவற்றைப் பிடிஎஃப் ஆக்கும்போது, பக்கத்தில் பெரும்பாலான எழுத்துகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்துத் தானாகவே பக்கத்தைத் திருப்பிவிடுகிறது. ‘ஆட்டோரொட்டேட்பேஜஸ்’ என்ற அமைப்பை ‘நன்’ (எதுவும் வேண்டாம்) என்று வைத்தால்தான் நிற்கும். இதற்குத் ‘தன்சுழற்சி’ என்று எழுதினேன். ஆனால் பூமி தன் அச்சில் சுழல்வதற்கும் அந்தச் சொல் புழங்குகிறது. ‘தானாகத் திருப்பல்’ போதுமா, வேறு இருக்கிறதா?