பென்சிலைக் கொஞ்ச நாள் ஒளித்து வைத்தோம்

மகன் எல்கேஜி படித்தபோது டைரியில் வாரம் தவறாமல் ஒரே குறிப்பு: "எழுதுவதில்லை. கை பிடித்துப் பழக்கவும்." நானும் பழக்கினேன். 'அ' போட உட்கார்ந்தால் முதல் சுழியிலேயே அழுகை. பென்சிலை உலக்கை மாதிரி முழுக் கையால் பிடிப்பான், பேப்பர் கிழிய அழுத்துவான். நாலு வயதுக்கு இது சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன், என்ன சொல்ல!

மார்கழிக்கு வந்த மாமியார் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "அந்தப் பென்சிலை எடுத்து உள்ளே வைம்மா" என்றார். விடிந்ததும் அவனை வாசலுக்குக் கூட்டிப்போய்விட்டார். முதல் நாள் கோலப்பொடியைக் கைநிறைய அள்ளிக் கொட்டினான். "கிள்ளி எடுடா, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும்." புள்ளி வைப்பது மட்டும் அவன் வேலை, கம்பி இழுப்பது பாட்டி. பொங்கலுக்குள் ஐந்து புள்ளி ஓரளவு ஒரே வரிசையில் நின்றது.

சளிக்காக டாக்டரிடம் போனபோது இதையும் கேட்டேன். மணிக்கட்டில் 8 குட்டி எலும்புகள், பிறக்கும்போது எல்லாமே குருத்தெலும்பாம்; ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட வருடக்கணக்கில் ஆகுமாம். பார்த்து வட்டம் வரைய 3 வயது, கூட்டல் குறிக்கு 4, முக்கோணத்துக்கு 5 வாக்கில். நான் கேட்டதோ சுழி, வளைவு, கோடு எல்லாம் சேர்ந்த 'அ'. அன்று ராத்திரி அவன் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினேன்.

அப்புறம் கண்டுபிடித்தது, உடைந்த கிரேயான். ஒரு அங்குலத் துண்டில் மூன்று விரலுக்குத்தான் இடம், முஷ்டியில் பிடிக்கவே முடியாது. இப்போது புதுப் பெட்டி வாங்கினாலும் நானே உடைத்துத்தான் கொடுக்கிறேன். பேப்பரை பீரோ கதவில் ஒட்டிவிட்டால் நின்றுகொண்டு வரைகிறான். மணிக்கட்டு தானாகப் பின்னால் வளைந்து நிற்கிறது.

இரண்டு வாலுகளின் அம்மா:
எங்களுக்கு மூன்றாவது மாடி, வாசல் ஏது, கோலம் ஏது! பழைய காலண்டர் தாளைக் கிழித்து மைதாப் பசையால் ஒட்டுவதுதான். பெரியவள் யானை என்பாள், எனக்குப் பூசணிக்காய் மாதிரி தெரியும். மணி கோக்க மட்டும் பக்கத்தில் ஆள் இல்லாமல் கொடுக்காதீர்கள். சின்னவன் ஒன்றை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வரை போய் வந்தோம்.

பால்வாடி டீச்சர்:
எனக்குச் சப்பாத்தி மாவுதான். உருட்டு, கிள்ளு, பாம்பு செய் என்று விட்டால் அரை மணி நேரம் சத்தமே இருக்காது. வெண்டைக்காய் அச்சும் பிடிக்கும், ஆனால் சட்டை போச்சு. ஒன்று மட்டும்: 5 தாண்டியும் முழுக் கையால்தான் பிடிக்கிறான், பட்டன் போடவும் திணறுகிறான் என்றால் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (எழுதுவது, பட்டன் போடுவது மாதிரி அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவர்) ஒரு தடவை காட்டிவிடுங்கள். காத்திருக்க வேண்டாம்.

முதலில் எழுதிய நான்தான்:
சரி டீச்சர், மாவு நாளைக்கே. பென்சில் போன மாதம் வெளியே வந்துவிட்டது. 'அ'வில் சுழி அழகாக வருகிறது. நேர்கோட்டைத்தான் இன்னும் இடப்பக்கம் போட்டுவிடுகிறான்.